லைனிங் மெல்லிசு என்று சொன்னார்களா? பிஆர்பிக்குக் காசு கட்ட முந்தி இதை வாசியுங்க

அட்டன் பக்கத்திலிருந்து விடியக்காலை பஸ் பிடித்துக் கண்டிக்கு டெஸ்ட்டியூப் பேபி சிகிச்சைக்கு அலைகிற பிள்ளைகளுக்காக எழுதுகிறேன். கிளினிக் பெயரைப் போடவில்லை, இன்பொக்ஸில் கேட்காதீங்க.

கரு உறைய வைத்தாயிற்று, உள்ளே வைப்பதுதான் பாக்கி. அதற்குக் கர்ப்பப்பை லைனிங், அதாவது உட்சுவர்ப் படலம், 7 மில்லிமீட்டர் தடிப்பாவது வேணுமாம். எனக்கு 5.6. லைனிங்கைத் தடிக்க வைக்கிற எஸ்ட்ரடயோல் ஹோர்மோன் குளிசை ஒரு நாளைக்கு மூன்று, இரண்டு கிழமை போட்டும் 5.8. ஸ்கேன் துண்டில் அதைச் சிவப்புப் பேனையால் வட்டம் போட்டுத் தந்தார் நர்ஸ் மிஸ். அடுத்த பேச்சே பிஆர்பி.

பிஆர்பி என்றால், நம்ம இரத்தத்தை எடுத்து மெஷினில் சுற்றவிட்டு, மேலே தெளிகிற மஞ்சள் தண்ணியை மெல்லிய குழாயால் உள்ளே விடுவார்கள். "நிச்சயம் தடிக்கும்" என்றார் டொக்டர். தடவைக்கு 45,000 ரூபா, மூன்று தடவை. மாமியின் ஈபிஎஃப் காசு. முப்பது வருசம் கொழுந்து எடுத்த கை அது. கையெழுத்து வாங்கிய படிவம் முழுக்க இங்கிலீஷ், பில்லில் "புரொசீஜர்" என்று ஒரே சொல். கடைசியில் 5.9. அந்த 0.1 அளக்கிற கை கொஞ்சம் அசைந்தாலே வரும் வித்தியாசம். "உங்கட உடம்பு ஏற்கவில்லை" என்றார்கள். குற்றமும் நம்ம மேலேதான்!

வேறொரு டொக்டரிடம் போனேன். "முந்தி கரு கலைந்து சுத்தம் செய்தார்களா? அதுக்குப் பிறகு தீட்டு குறைந்ததா?" இதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி. 2019ல் செய்தார்கள். நாலு நாள் போனது ஒன்றரை நாளாச்சு, பேட் நனையாது. வயசு போகுது என்று நானும் விட்டுவிட்டேன். கமரா விட்டுப் பார்த்தால், உட்சுவர் தழும்பில் ஒட்டிக் கிடக்குது. இந்த நோய்க்கு அஷர்மன் என்று பெயர் சொன்னார். ஒட்டலை வெட்டாமல் மஞ்சள் தண்ணி ஊற்றி என்ன செய்ய?

எல்லாருக்கும் காரணம் இதுவாக இருக்காது, காசநோய்கூட உள்ளே தழும்பு போடுமாம். எதுவென்று தேடாமல் பிஆர்பிக்கு விலை சொன்னதுதான் என் கோபம். ஐரோப்பிய கருத்தரிப்பு மருத்துவச் சங்கமே (எஷ்ரே) 2023ல் பிஆர்பியைப் பரிந்துரைக்கவில்லை. அதை "நிச்சயம்" என்று விற்றிருக்கிறார்கள்.

வெட்டி எடுத்த பிறகு இப்போது 7.1. கரு இன்னும் வைக்கவில்லை.

காசைத் திருப்பித் தர மாட்டார்களாம். மூன்றாம் முறை போய்த்தான் ஃபைல் கொப்பி கிடைத்தது. முதல் நாள் நான் சொல்லச் சொல்ல மிஸ் எழுதிய 2019 கதை முதல் பக்கத்திலேயே இருக்குது.