பிரெடிக்ட் பிரெஸ்ட்: ஹார்மோன் மாத்திரைக்குச் சம்மதிக்கும் முன் பார்க்க வேண்டிய ஒரு கணக்கு

மார்பகப் புற்றுநோய்க்கு அறுவைச் சிகிச்சை முடித்தவர்கள், அடுத்து வரும் ஒவ்வொரு சிகிச்சையாலும் தங்களைப் போன்றவர்களுக்கு எவ்வளவு பயன் கிடைத்திருக்கிறது என்பதை எண்ணிக்கையாகப் பார்ப்பதற்கு உதவும் இணையக் கருவிதான் பிரெடிக்ட் பிரெஸ்ட். இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் மருத்துவர்களும் புள்ளியியலாளர்களும் புற்றுநோய்ப் பதிவேட்டுத் துறையினரும் சேர்ந்து இதை உருவாக்கினார்கள். கட்டணம் இல்லை, பெயரோ கைப்பேசி எண்ணோ கேட்பதில்லை. நான் இதை என் மருத்துவரின் அறையில் ஒரு முறையும், பிறகு வீட்டில் மகளுடன் உட்கார்ந்து நிதானமாகவும் பயன்படுத்தினேன். என்னைப் போன்ற நிலையில் இருப்பவர்களுக்கு இது எங்கே கைகொடுக்கிறது, எங்கே கைவிடுகிறது என்பதைச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

என் நிலையை முதலில் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் இந்தக் கருவி எல்லோருக்கும் பொருந்துவதில்லை. எனக்கு வயது 58. மாதவிடாய் நின்று பல ஆண்டுகள் ஆகின்றன. மார்பை முழுவதும் எடுக்காமல் கட்டியை மட்டும் அகற்றினார்கள். அக்குளில் சோதனைக்காக எடுத்த நெறிக்கட்டிகளில் நோய் இல்லை. பிறகு எங்கள் ஊரில் ‘கரண்ட் வைப்பது’ என்று சொல்லும் கதிர்வீச்சு. அது முடிந்தபோது தோல் கறுத்து, அக்குள் மடிப்பில் உரிந்து, கையைத் தூக்கித் தலை வாரிக்கொள்வதற்கே மூச்சு வாங்கியது. கதிர்வீச்சு முடிந்ததும் களைப்பும் முடிந்துவிடும் என்றுதான் வீட்டில் எல்லோரும் நினைத்திருந்தார்கள். அது அதற்குப் பிறகும் வாரக்கணக்கில் தொடரக்கூடியது. அந்தக் களைப்பின் நடுவில்தான், ஐந்து ஆண்டுகளுக்குத் தினமும் ஹார்மோன் தடுப்பு மாத்திரை எடுத்துக்கொள்ள வேண்டும் என்ற பேச்சு வந்தது. கீமோ தேவையில்லை என்று மருத்துவர் முன்பே சொல்லிவிட்டார். தமாக்சிபென், லெட்ரோசோல் என்று இரண்டு மாத்திரைகளின் பெயர்களை எழுதிக் கொடுத்து, இரண்டின் பக்கவிளைவுகளையும் விளக்கி, அடுத்த முறை வரும்போது முடிவு செய்யலாம் என்றார். உடல் ஓய்ந்திருக்கும்போது ஐந்து ஆண்டுகளுக்கான முடிவை எடுக்கச் சொல்வது எவ்வளவு பெரிய பாரம் என்பது அதைச் சுமந்தவர்களுக்குத் தெரியும்.

கருவி கேட்கும் விவரங்கள் எல்லாம் நம் கோப்பில் இருக்கும் இரண்டு தாள்களில் அடங்கிவிடுகின்றன: அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு வரும் திசுப் பரிசோதனை அறிக்கை, அதனுடன் வரும் ஐஎச்சி அறிக்கை, அதாவது கட்டியின் செல்களுக்குச் சாயம் ஏற்றி அவற்றின் தன்மையைப் பார்க்கும் சோதனையின் அறிக்கை. வயது, மாதவிடாய் நின்றுவிட்டதா, கட்டியின் அளவு, கிரேடு, நோய் பரவிய நெறிக்கட்டிகளின் எண்ணிக்கை, ஈஆர், பிஆர் (கட்டியின் செல்கள் ஹார்மோன்களை ஏற்கின்றனவா என்பதைக் காட்டுபவை), ஹெர்-2 (செல்களை வேகமாக வளரச் செய்யும் ஒரு புரதம்), கேஐ-67 (செல்கள் எவ்வளவு வேகமாகப் பெருகுகின்றன என்பதன் அளவு), நோய் எப்படிக் கண்டுபிடிக்கப்பட்டது என்று வரிசையாகக் கேட்கிறது. இவற்றை நிரப்பும்போது சில இடங்களில் கவனம் தேவை. நம் ஆய்வகங்கள் கட்டியின் அளவைப் பெரும்பாலும் சென்டிமீட்டரில் எழுதுகின்றன, கருவி மில்லிமீட்டரில் கேட்கிறது, 1.4 என்று அறிக்கையில் இருந்தால் 14 என்று தர வேண்டும். அதிலும் ஊடுருவும் பகுதியின் அளவைத்தான் தர வேண்டுமே தவிர, சுற்றிலும் இருக்கும் டிசிஐஎஸ் பகுதியை, அதாவது பால் குழாய்களுக்குள்ளேயே அடங்கி இன்னும் ஊடுருவாத பகுதியை, சேர்க்கக் கூடாது. கிரேடு என்பது வேறு, நோய் எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்பதைச் சொல்லும் ஸ்டேஜ் என்பது வேறு. செல்கள் எவ்வளவு மாறியிருக்கின்றன என்பதைச் சொல்லும் கிரேடைத்தான் இது கேட்கிறது. நெறிக்கட்டி பற்றி 0/3 என்று எழுதியிருந்தால், மூன்றை எடுத்துப் பார்த்ததில் ஒன்றிலும் நோய் இல்லை என்று பொருள். கேஐ-67 பத்து சதவீதத்துக்கு மேல் இருந்தால் கருவியின் கணக்கில் அது பாசிட்டிவ். ஹெர்-2 இரண்டு பிளஸ் என்று, அதாவது உறுதியாகச் சொல்ல முடியாதபடி, வந்திருந்தால் அதை உறுதிசெய்யும் ஃபிஷ் என்ற மரபணுப் பரிசோதனையின் முடிவு வரும்வரை ‘தெரியாது’ என்றே விட்டுவிடுவது நல்லது.

நோய் எப்படித் தெரியவந்தது என்ற கேள்வி பலரைத் தயங்க வைக்கும். பரிசோதனை முகாமிலோ வழக்கமான மேமோகிராமிலோ தெரிந்ததா, அல்லது கையில் தட்டுப்பட்டு மருத்துவரிடம் போனோமா என்பதுதான் கேள்வி. இங்கிலாந்தில் குறிப்பிட்ட வயதுப் பெண்களை மூன்று ஆண்டுகளுக்கு ஒரு முறை மேமோகிராமுக்கு அழைக்கிறார்கள். நம்மில் பெரும்பாலோர் குளிக்கும்போது கட்டி தட்டுப்பட்டு ஓடியவர்கள். உண்மையைத்தான் தர வேண்டும், ஏனென்றால் அந்த ஒரு பதிலால் முடிவு மாறுகிறது.

எல்லாம் நிரப்பியதும் ஐந்து, பத்து, பதினைந்து ஆண்டுகளில் எத்தனை பேர் உயிருடன் இருப்பார்கள் என்பதை அட்டவணையாக, வளைகோடாக, பட்டைகளாக, வாக்கியங்களாக, நூறு சிறு உருவங்களாக எனப் பல வடிவங்களில் காட்டுகிறது. வளைகோடுகள் என் கண்ணுக்குப் புரியவில்லை என்பதைவிட, அவை கீழ்நோக்கிச் சரிவதைப் பார்க்க மனம் ஒப்பவில்லை என்பதே சரி. நூறு உருவங்கள் உள்ள பக்கம்தான் எனக்கு மிகவும் உதவியது. அறுவைச் சிகிச்சை மட்டும் செய்துகொண்டாலே உயிருடன் இருப்பவர்கள் ஒரு நிறத்தில், ஒவ்வொரு சிகிச்சையாலும் கூடுதலாகப் பிழைப்பவர்கள் வேறு நிறத்தில், இந்த நோயால் இறப்பவர்களும் வேறு காரணங்களால் இறப்பவர்களும் தனித்தனியாக என்று பிரித்துக் காட்டுகிறது. இந்தக் கடைசிப் பிரிவை நான் மிகவும் மதிக்கிறேன். எழுபது வயதைத் தாண்டிய என் பெரியம்மாவின் வயதைப் போட்டு, கட்டியின் விவரங்களை அப்படியே வைத்துப் பார்த்தபோது, வேறு காரணங்களால் இறப்பவர்களின் பங்கு பெரிதாகி, மாத்திரையால் கிடைக்கும் கூடுதல் பயன் சுருங்கியது. வயதானவர்களுக்குக் கடுமையான சிகிச்சை வேண்டுமா என்று குடும்பங்கள் அடித்துக்கொள்ளும்போது, கோபமில்லாமல் பேச இந்த ஒரு பக்கம் போதும்.

என் கணக்கில், ஹார்மோன் சிகிச்சையால் பத்து ஆண்டுகளில் கூடுதலாகப் பிழைப்பவர்கள் நூறு பேரில் ஓரிருவர்தான். திரையில் அதைப் பார்த்ததும் மகள் என் முகத்தைப் பார்த்தாள். ஓரிருவருக்காக நூறு பேரும் ஐந்து ஆண்டுகள் மாத்திரை சாப்பிட வேண்டுமா என்ற கேள்வி அப்போது இருவருக்குமே எழுந்தது. அடுத்த சந்திப்பில் இதையே மருத்துவரிடம் கேட்டேன். “இது உயிரோட இருக்கறவங்க கணக்கும்மா. நோய் திரும்பி வந்து, மறுபடி ஆபரேஷன், மறுபடி சிகிச்சைன்னு போய், அப்புறமும் நல்லா இருக்கறவங்க இதுல தனியாத் தெரிய மாட்டாங்க” என்றார் அவர்.

இந்தக் கருவியின் மிகப் பெரிய குறை அதுதான். உயிர் பிழைப்பதைக் கணக்கிடுகிறதே தவிர, நோய் மீண்டும் வருவதைக் கணக்கிடுவதில்லை. ஆக்ஸ்போர்டில் பல நாட்டு ஆய்வுகளை ஒன்றாகத் தொகுத்து 2011இல் வெளியிட்ட முடிவின்படி, ஈஆர் பாசிட்டிவ் நோய்க்கு ஐந்து ஆண்டுகள் தமாக்சிபென் எடுத்தவர்களுக்கு, எடுக்கும் காலத்தில் நோய் திரும்பும் விகிதம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது; மாத்திரையை நிறுத்திய பிறகும் அடுத்த ஐந்து ஆண்டுகளுக்கு மூன்றில் ஒரு பங்கு குறைவாக இருந்தது. ஏற்கெனவே ஒரு முறை மயக்க மருந்து, வடிகுழாய், கதிர்வீச்சு என்று கடந்து வந்த ஒருத்திக்கு, மறுபடியும் அந்த அறைக்குள் போகாமல் இருப்பதே ஒரு பெரிய பயன். அந்தப் பயனுக்குத் திரையில் ஒரு கட்டம்கூட ஒதுக்கப்படவில்லை. ஆகவே இதில் வரும் சிறிய எண்ணை மட்டும் பார்த்து மாத்திரை வேண்டாம் என்று யாரும் முடிவெடுத்துவிடக் கூடாது என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்.

இரண்டாவது குறை என்னை நேரடியாகவே தொட்டது. ஹார்மோன் சிகிச்சை என்று ஒரே பெட்டிதான் இருக்கிறது. தமாக்சிபெனா லெட்ரோசோலா என்று அதில் தேர்ந்தெடுக்க முடியாது. நான் முடிவு செய்ய வேண்டியிருந்ததோ அதைத்தான். அதற்கு மருத்துவர் காட்டியது, அதே ஆக்ஸ்போர்டு தொகுப்புக் குழு 2015இல் வெளியிட்ட ஆய்வு: மாதவிடாய் நின்ற பெண்களில் லெட்ரோசோல் வகை மாத்திரைகளை ஐந்து ஆண்டுகள் எடுத்தவர்களில் பத்து ஆண்டுகளுக்குள் மார்பகப் புற்றுநோயால் இறந்தவர்கள் 12.1 சதவீதம், தமாக்சிபென் எடுத்தவர்களில் 14.2 சதவீதம். கருப்பை உட்சுவர்ப் புற்றுநோய் லெட்ரோசோல் வகையில் குறைவு, எலும்பு முறிவு அதில் அதிகம். இந்த எண்களுக்கு அப்பால், காலையில் எழுந்ததும் விரல்களை மடக்க முடியாத மூட்டு வலி, இரவில் திடீரென்று உடல் கொதித்து வியர்ப்பது, இரத்தக் கட்டி உருவாகும் வாய்ப்பு என்று ஒவ்வொரு மாத்திரைக்கும் தனித்தனித் தொல்லைகள் உண்டு. வாழும் ஐந்து ஆண்டுகள் எப்படி இருக்கும் என்பதை அந்த நூறு உருவங்கள் சொல்லா.

எலும்பை வலுப்படுத்தும் பிஸ்பாஸ்போனேட் ஊசிக்கென்று மாதவிடாய் நின்றவர்களுக்குத் தனிப் பெட்டி இருப்பது நல்லது. இந்த மருந்து எலும்புக்கு மட்டுமல்ல, நோயால் இறப்பதையும் ஓரளவு குறைக்கிறது என்பது எனக்கு இந்தக் கருவியைப் பார்த்த பிறகுதான் தெரியவந்தது. அதைப் பற்றி மருத்துவரிடம் கேட்க எனக்கு ஒரு கேள்வி கிடைத்தது. ஊசி போடுவதற்கு முன் பல் மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும் என்பதையும் அந்தப் பேச்சில்தான் அறிந்தேன்.

இந்த எண்கள் யாருடைய எண்கள் என்ற கேள்வியும் முக்கியமானது. 2010இல் வெளிவந்த முதல் வடிவம், 1999 முதல் 2003 வரை கிழக்கு இங்கிலாந்தில் சிகிச்சை பெற்ற 5,694 பெண்களின் பதிவுகளிலிருந்து உருவானது. 2024இல் வந்த மூன்றாம் வடிவம் 2000 முதல் நோய் கண்டறியப்பட்ட 35,000க்கும் மேற்பட்ட பெண்களின் பதிவுகளைக் கொண்டு புதுப்பிக்கப்பட்டு, பிஆர் நிலையையும் கதிர்வீச்சின் நன்மை தீமைகளையும் சேர்த்துக்கொண்டிருக்கிறது. ஆனால் அவர்களும் அதே இங்கிலாந்துப் பகுதியினர்தான். வேறு காரணங்களால் இறப்பது பற்றிய கணக்கும் அந்த ஊர் மக்களுடையது. சர்க்கரையும் இரத்த அழுத்தமும் இதய நோயும் இளம் வயதிலேயே வரும் நம் வீடுகளுக்கு அது அப்படியே பொருந்தும் என்று கொள்ள முடியாது. மலேசியாவில் நடந்த ஓர் ஆய்வில், கருவி பொதுவாக நன்றாகக் கணித்தாலும் நாற்பது வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கு அவ்வளவு சரியாக வரவில்லை என்று தெரிந்தது. நம் நாட்டில் இளவயதில் இந்த நோய்க்கு ஆளாகும் பெண்கள் பலர் இருப்பதால், அவர்கள் இந்த எண்களை இன்னும் எச்சரிக்கையோடு அணுக வேண்டும். அடையாறு புற்றுநோய் மருத்துவமனை 1980களின் தொடக்கத்திலிருந்து சென்னைக்கான புற்றுநோய்ப் பதிவேட்டைப் பராமரித்து வருகிறது. அப்படிப்பட்ட பதிவுகளிலிருந்து நம் பெண்களுக்கென்று, தமிழிலேயே படிக்கும்படி, இப்படி ஒரு கருவி வர வேண்டும் என்பது என் உண்மையான ஆசை. நான் பார்த்தபோது இதில் தமிழ் இல்லை. ஆங்கிலம் படிக்கத் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இல்லாவிட்டால் அந்த வாக்கியங்கள் பயமுறுத்திவிடும்.

அறுவைச் சிகிச்சைக்கு முன்பே கீமோ எடுத்துக்கொண்டவர்களுக்கும், நோய் வேறு உறுப்புகளுக்குப் பரவியவர்களுக்கும், டிசிஐஎஸ் மட்டும் உள்ளவர்களுக்கும் இந்தக் கருவி உரியதல்ல. அவர்கள் இதில் விவரங்களைப் போட்டு வரும் எண்ணை நம்ப வேண்டாம். கீமோ தேவையா என்ற நிலையில் இருப்பவர்களுக்கு, கட்டியின் திசுவையே சோதித்துச் சொல்லும் ஆன்கோடைப் டிஎக்ஸ், பெங்களூரில் உருவான கேன்அசிஸ்ட் போன்ற பரிசோதனைகள் உண்டு. அவற்றுக்குப் பணம் செலவாகும், ஆனால் அவை நம் கட்டியிலிருந்து வரும் தகவல். பிரெடிக்ட் தருவது நம்மைப் போன்ற பலரின் சராசரி.

இத்தனை குறைகளைச் சொன்ன பிறகும் இதைப் பயன்படுத்துங்கள் என்றே சொல்வேன். மருத்துவரின் அறையில் கிடைக்கும் சில நிமிடங்களில் நமக்கு எதைக் கேட்பது என்றே தெரிவதில்லை. இந்தக் கருவியைப் பார்த்துவிட்டுப் போன அன்று நான் கையில் ஒரு தாளில் கேள்விகள் எழுதி எடுத்துப் போனேன்: என் எலும்பு அடர்த்தி எவ்வளவு, லெட்ரோசோல் ஒத்துக்கொள்ளாவிட்டால் தமாக்சிபெனுக்கு மாற முடியுமா, எலும்பு ஊசி எனக்கு வேண்டுமா, எத்தனை வாரங்களுக்குள் தொடங்க வேண்டும். மருத்துவர் ஒவ்வொன்றுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னார். எலும்பு அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேனுக்கு அன்றே எழுதிக் கொடுத்தார். முதல் முறை கருவியைத் திறப்பவர்கள் மருத்துவருடனோ, நெருங்கிய ஒருவருடனோ, பகலில் உட்கார்ந்து திறப்பது நல்லது. தூக்கம் வராத இரவில் தனியாகத் திறக்க வேண்டாம்.

ஸ்கேனில் எலும்பு தேய்மானத்தின் தொடக்க நிலை தெரிந்தது. கால்சியம், வைட்டமின் டி, ஆறு மாதத்துக்கு ஒரு முறை எலும்பு ஊசி ஆகியவற்றுடன் லெட்ரோசோலை எடுத்துக்கொள்ள நான் சம்மதித்திருக்கிறேன். மூட்டு வலி தாங்க முடியாமல் போனால் மாத்திரையை நானாக நிறுத்தாமல் மருத்துவரிடம் வந்து மாற்றிக்கொள்வது என்றும் பேசி வைத்திருக்கிறோம்.