புள்ளியைத் தின்னும் கருவி

இசை ஆல்பங்களின் விவரங்களைத் திரட்டி வைத்திருக்கும் மியூசிக்பிரெய்ன்ஸ் தரவுத்தளத்தைக் கட்டளை வரியிலிருந்தே (கட்டளையைத் தட்டச்சு செய்தே) தேட உதவும் சிறு கருவி ஒன்றை நான் மூன்று ஆண்டுகளாகப் பயன்படுத்துவது நண்பருக்குத் தெரியும். நிறுவலாமா என்று கேட்டார். வேண்டாம் என்று பதில் எழுதிவிட்டு, அடுத்த நிமிடமே அதைத் திறந்து ஒரு குறுந்தகட்டைத் தேடினேன்.

கோபம் ஒன்றே ஒன்றுதான்: அது வெட்டுகிறது. ஒரே ஆல்பம் பல நாடுகளில், பல ஆண்டுகளில் வெளிவந்திருக்கும். தரவுத்தளம் அவற்றைத் தனித்தனி வெளியீடுகளாகப் பதிந்து, ஒரு தொகுதியின்கீழ் வைத்திருக்கிறது. எது நம் கையில் இருப்பது என்று கண்டுபிடிக்க நாடும் ஆண்டும் பார்கோடும் வேண்டும். இந்தக் கருவியோ தலைப்புக்கும் கலைஞர் பெயருக்கும் இடத்தை வாரிக் கொடுத்துவிட்டு, 80 எழுத்து ஆனதும் வரியை நறுக்கிவிடும். திரையை எவ்வளவு அகலமாக்கினாலும் அதே 80. பதினான்கு வரிகள் வரும். பதினான்கும் ஒரே அச்சில் வார்த்தவை.

தமிழ்த் தலைப்பு என்றால் இன்னும் மோசம். கணினி எழுத்துகளைச் சேமிக்கும் ஒருங்குறி (யூனிகோட்) முறையில் 'தமிழ்' என்பது மூன்று எழுத்தல்ல, ஐந்து குறிகள்: த, ம, இகரக் கொக்கி, ழ, புள்ளி. கருவி எண்ணுவது குறிகளை. தலைப்புக்கு ஒதுக்கிய இடம் நான்காவது குறியோடு முடிந்தால் 'தமிழ' என்று மொட்டையாக நிற்கும். இதை எழுதியவர் ஆங்கிலத் தலைப்பைத் தவிர வேறெதையும் தேடிப் பார்த்திருக்க மாட்டார் என்பது என் கணிப்பு. புகார் எழுதினேன். நிரல்கள் படிப்பதற்கான ஜேசன் (JSON) வடிவில் எடுத்துக்கொள்ளுங்கள், அதில் எதுவும் வெட்டுப்படாது என்று பதில் வந்தது. உண்மைதான், வெட்டுப்படவில்லை. ஆனால் வாசலைக் குறுக்கிவிட்டு, சன்னல் அகலம்தானே என்றால் எரிச்சல் வராதா?

வேகம் குறைவு என்று சிலர் குறைப்படுகிறார்கள். அந்தப் பழியைக் கருவியின்மேல் போடக் கூடாது. நொடிக்கு ஒரு கோரிக்கை என்பது தரவுத்தளத்தின் விதி. அவசரப்பட்டு நானே ஒருமுறை நிரல் எழுதி அடுக்கடுக்காகக் கேட்டேன்; 503 என்ற மறுப்புப் பிழையைக் காட்டிக் கதவைச் சாத்திவிட்டார்கள். கருவி தானாகவே பொறுமை காக்கிறது. 400 கோரிக்கைகளுக்கு ஏழு நிமிடம் பிடிக்கும், எழுந்து போய் வேறு வேலை பார்க்கலாம்.

இத்தனைக்கும் பிறகு ஏன் விடவில்லை? தகட்டைச் செருகி ஒரு கட்டளை கொடுத்தால், பாட்டு ஒவ்வொன்றும் எங்கே தொடங்குகிறது என்பதை வைத்தே 28 எழுத்து அடையாளம் ஒன்றைக் கணக்கிட்டு, ஆல்பத்தின் பெயரைச் சொல்லிவிடுகிறது. ஒரு பெயரும் நான் தட்டவில்லை. உறையைத் தொலைத்த தகடு ஒன்று இப்படித் தன் பெயரைச் சொன்ன இரவில், இதற்கு எல்லாவற்றையும் மன்னித்திருந்தேன்.

சென்ற வாரப் புதுப்பிப்பில் 80ஐ 100 ஆக்கியிருக்கிறார்கள். இப்போது பார்கோட்டின் 13 இலக்கங்களில் முதல் ஆறு தெரிகின்றன. அந்த ஆறும் பெரும்பாலும் வெளியிட்ட நிறுவனத்துக்குரியவை. பதினான்கு வரியிலும் அதே ஆறு.