தண்ணீர் குடிக்கும் குளிர்ச்சியா, வானத்தை நம்பும் குளிர்ச்சியா?

மின்சாரமே இல்லாமல் கட்டடத்தைக் குளிர்விப்பதில் இரண்டு கட்சிகள். ஒன்று நீரை ஆவியாக்குவது: நனைந்த கூரை, நுண்துளைச் செங்கல், ஹைட்ரோஜெல் (நீரை உறிஞ்சி வைத்திருக்கும் கூழ்) பூச்சு எல்லாம் இந்த ரகம். இன்னொன்று, வெப்பத்தை விண்வெளிக்கே அனுப்பிவிடும் கதிர்வீச்சுப் பூச்சு.

பலத்தில் ஆவியாதலை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஒரு லிட்டர் நீர் ஆவியாகும்போது சுமார் 0.67 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. செலவும் குறைவு. ஆனால் அந்த ஒரு லிட்டர் எங்கிருந்து வரும்? வெயில் உச்சத்தில் இருக்கும் மாதங்களில்தான் குழாயிலும் காற்று வரும்.

கதிர்வீச்சுப் பூச்சின் சூட்சுமம் வேறு. கூரை தன் வெப்பத்தை வெளிவிடும் அகச்சிவப்புக் கதிர்களில், 8 முதல் 13 மைக்ரோமீட்டர் வரை அலைநீளம் உள்ளவற்றைக் காற்றுமண்டலம் பெரிதாகத் தடுப்பதில்லை. இரவில் கூரைகள் இவ்வழியே தாமாகவே ஆறுகின்றன. பட்டப்பகலில் ஆறவைப்பதுதான் பெரும்பாடு. 2014இல் ஸ்டான்ஃபோர்டில் ஆஸ்வத் ராமன், ஷான்ஹூய் ஃபான் குழுவினர் ஹாஃப்னியம் ஆக்சைடு, சிலிக்கா மெல்லடுக்குகளை வைத்து அதைச் செய்து காட்டினார்கள். நேர் வெயிலில் சுற்றியுள்ள காற்றைவிட 4.9 டிகிரி செல்சியஸ் குறைவு. சதுர மீட்டருக்குச் சுமார் 40 வாட் குளிர்ச்சி. 2021இல் பர்டியூ பல்கலைக்கழகம் வெயிலில் 98.1 சதவீதத்தைத் திருப்பியனுப்பும் பேரியம் சல்பேட் பெயின்ட்டைக் கொண்டுவந்தது. அடுக்குகளைவிட எனக்கு இதில்தான் நம்பிக்கை அதிகம். சாதாரண பெயின்ட் மாதிரி பூசிவிடலாம்.

40 வாட் என்ன பிரமாதம் என்று தோன்றலாம். சரி, 100 சதுர மீட்டர் கூரை, 10 மணி நேரம் என்று வையுங்கள்: 40 யூனிட். அதே வேலையை ஆவியாதலிடம் ஒப்படைத்தால் தினமும் சுமார் 60 லிட்டர் கேட்கும்.

ஈரக்காற்று இரண்டுக்குமே ஆகாது. நீராவி மிகுந்தால் ஆவியாதல் மந்தமாகும், வெப்பம் வெளியேறும் வழியும் பெருமளவு அடைபடும். அப்போதும் பெயின்ட் வெயிலைத் திருப்பிக்கொண்டே இருக்கும். நனைந்த கூரைக்கு அப்படி இன்னொரு வித்தை கிடையாது. பெயின்ட்டிலும் குறை உண்டு. தூசி படிந்தால் கழுவ வேண்டும் (அதற்கும் தண்ணீர்!), குளிர்காலத்தில் வேண்டாத போதும் குளிர்விக்கும்.

அப்புறம், காற்றிலிருந்தே நீர் எடுத்துக் கூரையை நனைக்கலாமே என்பார்கள். 2025 வேதியியல் நோபல் பெற்றுத் தந்த உலோக-கரிமச் சட்டகங்களில் (காற்றின் ஈரத்தைப் பிடித்துவைக்கும் நுண்துளைப் பொருள்கள்) ஒருவகை, 20 சதவீத ஈரப்பதத்திலும் அந்தப் பொருளின் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 2.8 லிட்டர் நீர் தரவல்லது என்று, அந்த நோபலைப் பகிர்ந்துகொண்ட ஒமர் யாகி இடம்பெற்ற குழு 2017இல் அறிவித்தது. அவ்வளவு பாடுபட்டு எடுத்த நீரைக் கூரையில் ஊற்றுவது வீண், அது குடிக்கத்தான். வறண்ட ஊருக்கு என் ஓட்டு பெயின்ட்டுக்கே. கழிவுநீரைச் சுத்திகரித்து மிச்சம் வைத்திருக்கும் ஊர் மட்டும் ஆவியாதல் பக்கம் போகலாம்.