தொழில்முறைத் தொடர்பியல் பட்டம்: படித்து முடித்து, வேலையில் உரசிப் பார்த்த பிறகு

இந்தப் படிப்பு இங்கே ஒரே பெயரில் கிடைப்பதில்லை. வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் சிலவற்றில் ‘புரொபஷனல் கம்யூனிகேஷன்’ என்றே தனிப் பட்டம் உண்டு. நம்மூரில் அதே பாடங்கள் இதழியல்-தொடர்பியல், விஸ்காம், ஆங்கிலத் துறையின் விருப்பப் பாடங்கள் என்று பிரிந்து கிடக்கின்றன. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 பாடத்திட்டத்தில் முதலாண்டு பொறியியல் மாணவர்கள் படிக்கும் ‘புரொபஷனல் இங்கிலீஷ்’ கூட இதில் ஒரு துண்டுதான். பெயர் எதுவானாலும் உள்ளே இருப்பவை ஏறக்குறைய ஒன்றே: அலுவலக எழுத்து, தொழில்நுட்ப எழுத்து, மேடைப் பேச்சு, மக்கள் தொடர்பு, நெருக்கடிக் காலத் தகவல், ஆய்வுமுறை, கடைசியில் ஒரு ப்ராஜெக்ட். திருவொற்றியூர், தண்டையார்பேட்டை, வியாசர்பாடி, மணலிப் பக்கம் வேலைக்குப் போய்க்கொண்டே இதைப் படிக்க யோசிப்பவர்களுக்காக எழுதியது இது.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். நீங்கள் எழுதிக் கொடுத்ததை யாராவது வரி வரியாகத் திருத்தித் திரும்பக் கொடுக்கிறார்கள் என்றால் இந்தப் பட்டம் போட்ட பணத்துக்கு மேல் உழைக்கும். அது இல்லையென்றால் கட்டிடம், லேப், கேமரா, விருந்தினர் உரை எல்லாம் இருந்தும் பிரயோஜனமில்லை.

அதனால் சேரும் முன் விசாரிக்க வேண்டியது பிளேஸ்மென்ட் சதவீதத்தை அல்ல. அங்கே படிக்கும் சீனியர் யாரிடமாவது திருத்தி வந்த ஒரு அசைன்மெண்டைக் காட்டச் சொல்லுங்கள். ஓரத்தில் ஒரு டிக், கீழே ‘குட்’ என்று மட்டும் இருந்தால் அடுத்த கல்லூரியைப் பாருங்கள். ‘இந்தப் பத்தியில் யார் செய்ய வேண்டும் என்று இல்லை’, ‘தேதியை முதல் வரிக்குக் கொண்டு வா’ என்ற மாதிரிக் குறிப்புகள் இருந்தால் நல்ல இடம். இரண்டாவது வரைவுக்குத் தனி மதிப்பெண் உண்டா என்றும் கேளுங்கள். மதிப்பெண் இல்லாவிட்டால் யாரும் திருத்தி எழுத மாட்டார்கள், மனித இயல்பு.

தொலைநிலைக் கல்வியில் சேர்வதாக இருந்தால், அந்தப் பாடத்துக்கு அந்த ஆண்டுக்கான யுஜிசி தொலைநிலைக் கல்விப் பணியகத்தின் அங்கீகாரம் இருக்கிறதா என்று அவர்கள் தளத்தில் பார்த்துவிடுங்கள். பல்கலைக்கழகத்துக்கு அங்கீகாரம் இருப்பது மட்டும் போதாது. மதிப்பெண்ணில் அசைன்மெண்டுக்கு அதிகபட்சம் 30 சதவீதம், மீதி தேர்வுக்கு. இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகமான இக்னோவில் ஒரு கிரெடிட் என்பது 30 மணி நேரப் படிப்பு; நாலு கிரெடிட் பாடத்துக்கு 120 மணி. ஆண்டுக்கு 32 கிரெடிட் எடுத்தால் 960 மணி, அதாவது வாரத்துக்கு 18 மணிக்கு மேல். ‘ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து படிச்சா போதும்’ என்று சேர்ந்தவர்கள் நடுவில் விடுவது இந்தக் கணக்கைப் போடாததால்தான். ஷிஃப்ட் வேலைக்காரர்கள் ஆண்டுக்குப் பாதிப் பாடம் என்று பிரித்து, கூடுதல் காலம் எடுத்துக்கொள்வது நல்லது. அதற்கு விதி இடம் கொடுக்கிறதா, அதிகபட்சம் எத்தனை ஆண்டு என்பதைக் கையேட்டில் படித்துவிட்டுச் சேருங்கள்.

நேரில் போய்ப் படிப்பவர்களுக்கு 2021 பிப்ரவரியில் விம்கோ நகர் வரை மெட்ரோ வந்தது பெரிய விடுதலை. முன்பு எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிக்குப் பின்னால் பஸ்ஸில் நின்றுகொண்டே போன நேரத்தில் இப்போது ஒரு பாடம் படித்துவிடலாம். அரசினர் தோட்டம் வரை வண்டி மாற வேண்டியதில்லை. உட்கார்ந்து எழுத இடம் வேண்டுமென்றால், கொளத்தூரில் 2024 நவம்பரில் திறந்த முதல்வர் படைப்பகம் வடசென்னைக்காரர்களுக்குக் கன்னிமராவைவிடப் பக்கம்.

கோட்பாட்டுத் தாளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. தொடர்பியல் அறிஞர் லாஸ்வெல் 1948-ல் கேட்ட ‘யார், என்ன, எந்த வழியாக, யாருக்கு, என்ன விளைவோடு’ என்ற கேள்வி மட்டும் வேலையில் தினமும் உதவும். ஷானன், பெர்லோ என்பவர்களின் தொடர்பு மாதிரி வரைபடங்களைத் தேர்வுக்கு வரைந்துவிட்டு மறந்தாலும் குற்றமில்லை. குழு விவாதம், பிரசன்டேஷன் பயிற்சிக்கும் தேவைக்கு மேல் நேரம் போகிறது. பேச்சு வராதவருக்கு அது உதவும்தான். ஆனால் அலுவலகத்தில் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் மின்னஞ்சலிலும் அறிக்கையிலும்தான்.

தொழில்நுட்ப எழுத்துத் தாள்தான் இந்தப் படிப்பின் முதுகெலும்பு. விமானத் துறைக்காக உருவாகிப் பிறகு மற்ற துறைகளுக்கும் பரவிய ‘சிம்ப்ளிஃபைடு டெக்னிக்கல் இங்கிலீஷ்’ விதிகளில், செய்முறை வாக்கியம் 20 சொல்லைத் தாண்டக் கூடாது, விளக்க வாக்கியம் 25-ஐத் தாண்டக் கூடாது. ஒரு வாக்கியத்தில் ஒரே கட்டளை. எச்சரிக்கை, செய்ய வேண்டிய படிக்கு முன்னால் வர வேண்டும், பின்னால் அல்ல. விதிகள் ஆங்கிலத்துக்கு எழுதியவை. தமிழில் ஒட்டுச் சேர்ந்து சொல் நீள்வதால் 20 என்பதை 12, 13 என்று சுருக்கிக்கொண்டால் சரியாக இருக்கும் என்பது எங்கள் கணிப்பு.

இதை உள்ளூர் உதாரணத்தோடு பார்ப்போம். 2023 டிசம்பர் 26 இரவு எண்ணூர் பெரியகுப்பத்தில் உர ஆலைக்குப் போகும் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தபோது மக்கள் நள்ளிரவில் வீட்டை விட்டுத் தெருவுக்கு ஓடி வந்தார்கள். எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்பதுதான் அப்போது தெரிய வேண்டிய தகவல். ஆலைகளைச் சுற்றியிருக்கும் மக்களுக்கும் அபாயத்தைத் தெரிவிக்க வேண்டும் என்ற கடமையை, போபாலுக்குப் பிறகு 1987-ல் தொழிற்சாலைகள் சட்டத்தில் 41பி பிரிவாகச் சேர்த்தார்கள். சட்டம் இருப்பது வேறு, படித்தவுடன் கால் நகரும்படி ஒரு பலகை எழுதுவது வேறு. வழக்கமான பலகை இப்படி இருக்கும்:

‘அவசர காலங்களில் பொதுமக்கள் மற்றும் பணியாளர்கள் அனைவரும் பீதியடையாமல் உரிய பாதுகாப்பு நடவடிக்கைகளை மேற்கொண்டு பாதுகாப்பான இடத்திற்குச் செல்லுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.’

எது அவசரம், எப்படித் தெரியும், எது உரிய நடவடிக்கை, எது பாதுகாப்பான இடம்? நாலு கேள்வி, நாலுக்கும் பதில் இல்லை. வகுப்பில் இதைத் திருத்தினால் ஏறக்குறைய இப்படி வரும்:

‘கண் எரிந்தால், மூக்கைத் துளைக்கும் வாடை வந்தால், அம்மோனியா கசிகிறது.
ஈரத் துணியால் மூக்கையும் வாயையும் மூடுங்கள்.
கம்பத்தில் பறக்கும் காற்றுப் பையைப் பாருங்கள்.
காற்று வீசும் திசைக்குக் குறுக்காக நடங்கள். காற்றோடு சேர்ந்து ஓடாதீர்கள்.
பை வடக்கே பறந்தால் மேற்கு மைதானத்துக்குப் போங்கள். மேற்கே பறந்தால் தெற்குப் பள்ளிக்கூடத்துக்குப் போங்கள்.’

கடைசி வரியைப் பல மாணவர்கள் விட்டுவிடுவார்கள். கூடும் இடம் ஒன்றுதான் என்று எழுதினால், காற்று அந்தப் பக்கம் அடிக்கும் நாளில் நீங்களே மக்களை வாயுவுக்குள் அனுப்புகிறீர்கள். தகவல் எங்கிருந்து எடுப்பது? ஒவ்வொரு ரசாயனத்துக்கும் பாதுகாப்புத் தரவுத்தாள் உண்டு, 16 பிரிவுகள். பலகை எழுத முக்கியமானவை நான்காவது (முதலுதவி), ஆறாவது (கசிவு), எட்டாவது (பாதுகாப்புக் கவசம்). அதைப் படித்துச் சுருக்கத் தெரிந்தவருக்கு மணலி, எண்ணூர் வட்டாரத்தில் வேலை உண்டு. எழுதியதை ஆலையின் பாதுகாப்பு அலுவலர் கையெழுத்து இல்லாமல் ஒட்டக் கூடாது என்பதையும் நல்ல ஆசிரியர் சொல்லிக் கொடுப்பார்.

இதே தாளில் செய்யக்கூடிய இன்னொரு நல்ல பயிற்சி, தகவல் அறியும் உரிமை மனு. 10 ரூபாய் கட்டணம், 30 நாளில் பதில் வர வேண்டும். ‘எங்கள் தெருவில் ஏன் மழைநீர் வடிகால் கட்டவில்லை?’ என்று எழுதினால் பதில் வராது. சட்டம் தருவது கையிருப்பில் உள்ள ஆவணத்தைத்தான், காரண விளக்கத்தை அல்ல. ‘இன்ன தெரு வடிகால் பணிக்கான பணி ஆணையின் நகல், அளவுப் புத்தகத்தின் சம்பந்தப்பட்ட பக்கங்களின் நகல்’ என்று எழுத வேண்டும் (அளவுப் புத்தகம் என்பது செய்த வேலையின் அளவைப் பதியும் ஏடு). கேள்வியை ஆவணமாக மாற்றும் இந்தப் பழக்கம் ஆடிட் பதில், கஸ்டம்ஸ் கடிதம், காப்பீட்டுக் கோரிக்கை எல்லாவற்றிலும் கை கொடுக்கும்.

எந்தப் பாடத்திட்டத்திலும் ஒழுங்காக இல்லாத ஒன்று தமிழ் அச்சுக்கோப்பு. வேலைக்குப் போனதும் முதல் அடி இங்கேதான் விழும். பாரிமுனை, வண்ணாரப்பேட்டை டிடிபி கடைகளில் இன்னும் பாமினி போன்ற பழைய எழுத்துருக்களும், 7.0 பதிப்போடு நின்றுபோன பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளும் ஓடுகின்றன. எந்தக் கணினியிலும் ஒரே மாதிரி வரும் யூனிகோடு முறையைத் தமிழ்நாடு அரசு 2010-லேயே ஏற்றுக்கொண்டுவிட்டது, கடைகள் அவசரப்படவில்லை. அங்கே அடித்த கோப்பை உங்கள் வேர்டில் ஒட்டினால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த குப்பைதான் வரும். எழுத்துரு மாற்றி (கன்வெர்ட்டர்) வைத்து யூனிகோடாக்கலாம். ஆனால் நடுவில் இருக்கும் ஆங்கிலச் சொல், அடைப்புக்குறி, நிறுத்தக்குறிகள் கெட்டுப்போகும். வரி வரியாகப் பார்க்க வேண்டும். ஆர்டர் கொடுக்கும்போதே ‘அண்ணே, யூனிகோடுல அடிச்சுக் குடுங்க, ஓப்பன் ஃபைலும் வேணும்’ என்று சொல்லிவிட்டால் பாதித் தலைவலி போகும்.

இன்டிசைன் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் வேறு சிக்கல். தமிழை ஒட்டியதும் ‘கொ’, ‘மெ’ போன்றவற்றில் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். எழுத்துருவில் தவறில்லை, அதன் வழக்கமான பத்திக் கோப்பானுக்கு (பாராகிராஃப் கம்போசர்) இந்திய எழுத்துகளை இடம் மாற்றி அடுக்கத் தெரியாது. பத்திப் பாணி அமைப்பில் ஜஸ்டிஃபிகேஷன் பகுதிக்குப் போய் ‘வேர்ல்டு-ரெடி பாராகிராஃப் கம்போசர்’ தேர்ந்தெடுத்தால் சரியாகிவிடும். பாணியிலேயே மாற்ற வேண்டும். பத்தி பத்தியாக மாற்றினால் கடைசியில் சேர்க்கும் படக்குறிப்பு மட்டும் உடைந்து அச்சுக்குப் போகும், அதுவும் பத்தாயிரம் பிரதியில். பிடிஎஃப் போட்டதும் கொம்பு உள்ள எழுத்துகள், ‘ஸ்ரீ’, ‘க்ஷ’ இவற்றைப் பெரிதாக்கிப் பாருங்கள். விளிம்புக்கு வெளியே 3 மி.மீ. பிளீட் (வெட்டுக்காக விடும் கூடுதல் பரப்பு), படங்களுக்கு 300 டிபிஐ என்பது பெரும்பாலான அச்சகங்களுக்குப் பொருந்தும்.

மென்பொருள் விஷயத்தில் விளம்பரத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். ஃபிரேம்மேக்கர், மேட்கேப் ஃபிளேர் என்ற கையேடு தயாரிக்கும் மென்பொருள்களின் பெயரைச் சொல்லி ஃபீஸ் ஏற்றும் இடங்கள் உண்டு; இரண்டும் டிரையல் பதிப்பிலேயே அடிப்படை கற்றுக்கொள்ளக்கூடியவை. வேர்டில் ஸ்டைல் பயன்படுத்தித் தலைப்புகளை அமைப்பது, தானாக வரும் பொருளடக்கம், குறுக்குச் சுட்டு, எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து எஃப்9 அழுத்திப் புதுப்பிப்பது, டிராக் சேஞ்சஸ் என இவ்வளவும் விரல் நுனியில் இருந்தால் முதல் வேலைக்குப் போதும். மென்பொருள் நிறுவனங்களுக்குப் போக நினைப்பவர்கள் எளிய குறிகளால் எழுதும் மார்க்டவுன், கோப்பின் மாற்றங்களைப் பதிவு செய்யும் கிட் இரண்டையும், ஆவணத்தைத் தனித்தனித் தலைப்புகளாகப் பிரித்து எழுதும் டிட்டா முறையின் கான்செப்ட், டாஸ்க், ரெஃபரன்ஸ் என்ற மூன்று பிரிப்பையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்த வேலைகள் பெரும்பாலும் ஓஎம்ஆரிலும் கிண்டியிலும்தான். எண்ணூரிலிருந்து போய்வரும் நேரத்தைச் சம்பளத்தில் கழித்துப் பாருங்கள்.

ப்ராஜெக்டில் பெரும்பாலோர் செய்வது கூகுள் ஃபார்ம் ஒன்றை நண்பர்களுக்கு அனுப்பி, வந்த பதிலை வட்டப்படமாகப் போடுவது. மதிப்பெண் வரும், கற்றது ஒன்றும் இருக்காது. அதைவிட, ஒரு நிஜப் படிவத்தை எடுத்துப் பயன்பாட்டுச் சோதனை செய்யுங்கள். ஐந்து பேர் போதும். பெரிய குறைகள் அதற்குள் வெளியே வந்துவிடும். படிவத்தைக் கொடுத்து, நினைப்பதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே நிரப்பச் சொல்லுங்கள். உதவி செய்யாதீர்கள். எங்கே பேனா நிற்கிறது, எங்கே பின்னால் திரும்பிப் படிக்கிறார், எதைத் தப்பாக எழுதுகிறார் என்று குறியுங்கள். திருத்திய படிவத்தை வேறு ஐந்து பேரிடம் கொடுங்கள், பழைய ஆட்களிடம் அல்ல. அவர்களுக்கு ஏற்கெனவே பழகிவிட்டிருக்கும். ஆய்வேட்டுக்கு யுஜிசியின் 2018 விதிப்படி பிறர் எழுத்தோடு 10 சதவீதம் வரை ஒத்துப்போனால் தண்டனை இல்லை. 10-லிருந்து 40 வரை திருத்தி ஆறு மாதத்துக்குள் மறுபடி கொடுக்க வேண்டும். 60-ஐத் தாண்டினால் பதிவே ரத்து. ஆய்வுமுறை அத்தியாயத்தை சீனியரின் ஏட்டிலிருந்து எடுப்பவர்கள்தான் அடிக்கடி மாட்டுகிறார்கள்.

நேர்காணலில் மார்க்‌ஷீட்டை யாரும் திருப்பிப் பார்ப்பதில்லை. திருத்தும் முன், திருத்திய பின் என்று பக்கத்தில் பக்கமாக வைத்த மூன்று, நாலு மாதிரிகளைக் கேட்பார்கள். அரை மணி நேரத்தில் ஒன்று எழுதவும் சொல்வார்கள். வேலை பார்த்த இடத்தின் ஆவணத்தை அப்படியே போர்ட்ஃபோலியோவில் வைத்தால், நம்மிடம் வந்தாலும் இதையே செய்வார் என்று நிராகரித்துவிடுவார்கள். எழுத்தில் அனுமதி வாங்கி, நிறுவனப் பெயர், வரைபட எண், ஆள் பெயர் மூன்றையும் நீக்கி வையுங்கள். அனுமதி கிடைக்காவிட்டால் பொதுவில் கிடைக்கும் ஒன்றை எடுத்துத் திருத்துங்கள்: ரேஷன் அட்டை விண்ணப்பம், மின் இணைப்புப் பெயர் மாற்றப் படிவம், மாநகராட்சியின் ஏதாவதொரு அறிவிப்பு. சரக்குக்குப் பஞ்சமே இல்லை.