தீவனமா, தண்ணீரா, ஊசியா: பன்றிப் பண்ணையில் ஆன்டிபயாடிக்

பன்றிப் பண்ணை, ஆன்டிபயாடிக் என்று பேச்செடுத்தாலே "கொடுக்கலாமா, கூடாதா" என்று இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுகிறோம். கொட்டிலுக்குள் நிற்பவருக்கு அந்த விவாதம் அவ்வளவாக உதவாது. எந்தக் குட்டிக்கு, எந்த வழியாக, எதற்காகக் கொடுப்பது என்பதுதான் அவருடைய அன்றாடத் தலைவலி. மருந்து ஒன்றாகவே இருந்தாலும் போகிற வழி மாறினால் பலனும் கேடும் மாறிவிடும்.

மருந்து அதிகம் விழுவது தாயிடமிருந்து குட்டியைப் பிரித்த பிறகு வரும் சில வாரங்களில். மூன்று, நான்கு வார வயதில் பிரிப்பார்கள். ஒரே நாளில் தாயும் போச்சு, பாலும் போச்சு. முன்பின் தெரியாத குட்டிகளோடு ஒரே தடுப்பில் அடைப்பு, சண்டை. பல குட்டிகள் முதல் நாள் தீவனத்தைத் தொடவே தொடாது. அந்தப் பட்டினியில் குடலின் உட்சுவர் சுருங்கிப்போகும். பிறகு பசி தாங்காமல் அள்ளித் தின்னும்போது செரிக்காத புரதம் பின்குடலுக்கு இறங்கும். ஈ.கோலை கிருமிக்கு அது விருந்து. பின்புறம் நனைந்து, விலா ஒட்டி, மூலையில் ஒடுங்கி நிற்கும் குட்டியைப் பார்த்தாலே கழிச்சல் என்று தெரிந்துவிடும்.

இனி மூன்று வழிகளையும் பார்ப்போம்.

தீவனத்தில் கலப்பது

வேலை மிச்சம், செலவும் குறைவு. மூட்டையிலேயே மருந்து கலந்து வந்துவிடும். ஆனால் அடிப்படையிலேயே ஒரு கோளாறு: நோய்வாய்ப்பட்ட பன்றி முதலில் நிறுத்துவது சாப்பாட்டைத்தான். அப்போது மருந்தை யார் தின்பது? நன்றாக இருக்கும் குட்டி, அதுவும் தொட்டியை முட்டி மறிக்கும் பலசாலிக் குட்டி. தேவையில்லாததற்கு முழு அளவு, தேவைப்பட்டதற்கு அரைகுறை அளவு. கிருமிக்கு எதிர்ப்பைப் பழக்கிக் கொடுக்க இதைவிடத் தோதான ஏற்பாடு கிடையாது.

நிறுத்துவதும் எளிதல்ல. தீவனக் கலனின் அடியில் தங்கிய மிச்சம் அடுத்த தொகுதியோடு கலக்கும். வெட்டுக்குப் போகவிருக்கும் பன்றியின் தொட்டி வரை அது போய்விட்டால் இறைச்சியில் மருந்தெச்சம்.

நோயே இல்லாமல், எடை கூட வேண்டும் என்பதற்காகக் குறைந்த அளவில் கலந்துவந்த பழக்கமும் இந்த வழியில் வளர்ந்ததுதான். சுவீடன் அதை 1986இலேயே தடுத்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2006இல் தடுத்தது. மனித மருத்துவத்துக்கு முக்கியமான மருந்துகளை இப்படிக் கொடுப்பதை அமெரிக்கா 2017இல் நிறுத்தியது. சீனா 2020இல் வழிக்கு வந்தது.

தண்ணீரில் கரைப்பது

சாப்பாட்டை விட்ட குட்டியும் பெரும்பாலும் தண்ணீர் குடிக்கும். இந்த ஒரு காரணத்துக்காகவே கூட்டமாக மருந்து கொடுக்கும் நிலை வந்தால் என் ஓட்டு தண்ணீருக்குத்தான். நினைத்த நேரத்தில் தொடங்கலாம், வேண்டாதபோது உடனே நிறுத்தலாம்.

ஆனால் குழாயைத் திறந்து உள்ளே பார்த்தவர்கள் கொஞ்சம் தயங்குவார்கள். உட்புறமெங்கும் வழவழவென்று பாசிபோல் ஒரு படலம். அது மருந்தையும் பிடித்துவைத்துக்கொள்ளும், கிருமிக்கும் குடித்தனம் கொடுக்கும். ஒரு தொகுதிக் குட்டிகள் போய் அடுத்தது வருவதற்குள் குழாயைக் கிருமிநாசினி விட்டுக் கழுவாவிட்டால் கடைக்கோடி நிப்பிளில், அதாவது பன்றி வாய் வைத்துக் குடிக்கும் முனையில், வருவது என்ன அளவு என்று யாருக்கும் தெரியாது. அமாக்சிசிலின் கரைசல் நாள்பட நிற்காது, தினமும் புதிதாகக் கரைக்க வேண்டும். டெட்ராசைக்ளின் கடின நீரில் உள்ள கால்சியத்தோடு பிணைந்து வீரியம் இழக்கும். ஒழுகும் நிப்பிள் இருந்தால் மருந்து நேராகச் சாக்கடைக்கும், அங்கிருந்து எருக்குழிக்கும் போகும். தண்ணீர் மீட்டர் வைக்காமல் இந்த வழியில் இறங்குவது கண்ணைக் கட்டிக்கொண்டு அளப்பதுதான்.

இன்னொன்று, ஒரே குழாயில் பத்துத் தடுப்புகள் இருந்தால் ஒரு தடுப்பின் கழிச்சலுக்குப் பத்துத் தடுப்பும் மருந்து குடிக்கும். தடுப்புக்கொரு வால்வு போட்டால் தீரும். பண்ணை கட்டும்போதே யோசித்திருக்க வேண்டிய விஷயம் இது.

ஊசி

நோயுள்ளதற்கு மட்டும், எடைக்கேற்ற அளவில். காதுக்குப் பின்னால் கழுத்துத் தசையில் போட்டு, முதுகில் நிறக்கோடு இழுத்துவிட்டால் யாருக்குப் போட்டது என்று மறுநாளும் தெரியும். ஆள்பலம்தான் இங்கே சிக்கல். ஊசி போடுவதுகூடப் பெரிதல்ல, நோயுள்ள குட்டியைக் கண்டுபிடிக்கக் கொட்டிலைச் சுற்றிவர நேரம் வேண்டும். ஊசிமுனை உடைந்து தசையில் தங்கும் ஆபத்தும் உண்டு.

ஐரோப்பியச் சட்டம் 2022 ஜனவரி 28 முதல் நோயுள்ளதற்கு முதலில், கூட்டத்துக்குக் கடைசியில் என்றுதான் கோடு போட்டிருக்கிறது. வருமுன் காக்கிறேன் என்று கூட்டத்துக்கே ஆன்டிபயாடிக் கொடுக்கக் கூடாது. கூட்டத்தில் சிலவற்றுக்கு நோய் வந்து, பரவும் அபாயம் அதிகமாக இருந்து, வேறு தக்க மாற்றும் இல்லையென்றால் மட்டுமே மற்றவற்றுக்கும் சேர்த்துக் கொடுக்கலாம்.

மாற்று என்று வந்தவை

ஐரோப்பாவில் ஆன்டிபயாடிக்கின் இடத்தைப் பெரிதும் பிடித்தது துத்தநாக ஆக்சைடு. கிலோ தீவனத்துக்கு 2,500 மில்லிகிராம் துத்தநாகம் கிடைக்கும்படி இரண்டு வாரம் கொடுத்தால் கழிச்சல் உண்மையிலேயே அடங்கும். அதன் பெரும்பகுதி சாணத்தோடு வெளியேறி மண்ணில் சேர்கிறது என்பது ஒரு குறை. இன்னொன்று இதைவிடச் சங்கடமானது. மெத்திசிலின் என்ற ஆன்டிபயாடிக்குக்கு அடங்காத கிருமிக்கு எம்ஆர்எஸ்ஏ என்று பெயர். பன்றிகளில் பரவியிருக்கும் அதன் சிசி398 வகையில் பலவற்றிடம் துத்தநாகத்தைத் தாங்கும் மரபணுவும் மெத்திசிலினைத் தாங்கும் மரபணுவும் அக்கம்பக்கத்தில் உட்கார்ந்திருக்கின்றன. துத்தநாகம் கொடுக்கக் கொடுக்க அந்தக் கிருமிக்குக் கொண்டாட்டம். 2022 ஜூனில் ஐரோப்பா இதையும் நிறுத்தியது.

டென்மார்க் இந்தப் பாடத்தை முன்பே படித்திருந்தது. 1995இல் அங்கே தீவனத்தில் கலக்கும் அவோபார்சின் என்ற ஆன்டிபயாடிக்கைத் தடுத்தார்கள். மனிதருக்கான வான்கோமைசின் என்ற ஆன்டிபயாடிக்கின் நெருங்கிய உறவு அது. கோழிகளில் எதிர்ப்புக் கிருமி மளமளவென்று குறைந்தது. பன்றிகளில் அசையவே இல்லை. காரணம், பன்றிகளில் அந்த எதிர்ப்பு மரபணுவும் டைலோசின் என்ற இன்னொரு ஆன்டிபயாடிக்கைத் தாங்கும் மரபணுவும் ஒரே பிளாஸ்மிடில் (கிருமிக்குக் கிருமி தாவக்கூடிய சிறு டிஎன்ஏ வளையத்தில்) இருந்தன, டைலோசினோ தீவனத்தில் தொடர்ந்துகொண்டிருந்தது. 1998இல் அதன் புழக்கம் சரிந்த பிறகுதான் அவோபார்சின் எதிர்ப்பும் இறங்கியது. ஒன்றை நிறுத்தி இன்னொன்றைக் கொட்டுவதில் உள்ள வம்பு இதுதான்.

தடுப்பூசி நல்லது, குறிவைத்த ஒரு கிருமிக்கு மட்டும். எது என்று ஆய்வகத்தில் பார்க்காமல் போட்டால் காசு வீண். வாய்வழி கொடுக்கும் உயிருள்ள பாக்டீரியாத் தடுப்பு மருந்துக்கு முன்னும் பின்னும் சில நாள் ஆன்டிபயாடிக் கூடாது, தடுப்பு மருந்தையே அது கொன்றுவிடும். புரதத்தைக் குறைத்த தீவனம், அமிலக் கலவை எல்லாம் துணைக்கு வரும், தனியாக நின்று சாதிக்காது.

என்னைக் கேட்டால் இந்த வரிசையில் முதலிடம் பிரிக்கும் வயதுக்கு. ஒரு வாரம் கூடுதலாகத் தாயோடு விட்டால் குட்டி தீவனம் கொறிக்கப் பழகிவிடும், குடலும் முதிரும். ஐரோப்பிய விதி 28 நாள் என்கிறது. கழுவிக் காலிசெய்த தனிக் கொட்டில் இருந்தால் 21இலும் பிரிக்கலாம் என்று விலக்கும் தருகிறது. தாமதமாகப் பிரித்தால் ஆண்டுக்குத் தாய்ப்பன்றி போடும் ஈற்று குறையும், ஈனும் கொட்டில் கூடுதலாக வேண்டும். அந்தக் கணக்கைப் பார்த்துத்தான் பலர் சத்தமில்லாமல் மருந்துப் பக்கம் நகர்கிறார்கள்.

"ஆன்டிபயாடிக் இல்லாதது" என்ற சீட்டு

இறைச்சிப் பொட்டலத்தில் ஒட்டும் இந்தச் சீட்டின் ஆசை நல்ல ஆசைதான். நடைமுறையில், மருந்து வாங்கிய பன்றி அந்தத் திட்டத்திலிருந்து வெளியேறிச் சாதாரண விலைக்குப் போகும். அப்படியானால் "இன்னும் ஒரு நாள் பார்ப்போம்" என்று சிகிச்சையைத் தள்ளிப்போடத் தூண்டுதல் எப்போதும் இருக்கும். எச்சத்துக்குப் பயந்து இந்தச் சீட்டைத் தேடுவோர் ஒன்றைக் கவனிக்கலாம்: முறையாக வளர்த்த எந்தப் பன்றிக்கும் கடைசி மருந்துக்கும் வெட்டுக்கும் இடையே கட்டாய இடைவெளி உண்டு.

எனக்கு அளந்து குறைக்கும் முறைதான் நம்பகமாகத் தெரிகிறது. டென்மார்க் 2010இல் மஞ்சள் அட்டை கொண்டுவந்தது: வரம்பைத் தாண்டும் பண்ணைக்கு எச்சரிக்கை. நெதர்லாந்தில் பண்ணைக்குப் பண்ணை ஒப்பிட்டுக் காட்டியதும் சேர, கால்நடைகளுக்கான ஆன்டிபயாடிக் விற்பனை 2009ஐ ஒப்பிட 2020க்குள் ஏறக்குறைய 70 சதவீதம் சரிந்தது. மருந்தின் எடையை மட்டும் அளந்தால் குறைந்த கிராமில் வேலைசெய்யும் கடைசிக்கட்ட மருந்துக்குத் தாவிவிடுவார்களே என்ற ஓட்டையையும் டென்மார்க் கவனித்தது. 2016 முதல் ஃப்ளூரோகுயினோலோன், செஃபலோஸ்போரின் என்ற அத்தகைய மருந்து வகைகளுக்கு ஒரு வேளை மருந்தைப் பத்து வேளையாகக் கணக்கில் எழுதினார்கள். கோலிஸ்டின் என்ற கடைசிக்கட்ட மருந்தைத் தாங்கும் எம்சிஆர்-1 மரபணு சீனப் பன்றிகளில் கண்டறியப்பட்ட செய்தி 2015இல் வெளிவந்த பிறகு, கோலிஸ்டினையும் இந்தப் பட்டியலில் சேர்த்தார்கள்.