சில்வர் ஓக் பலகையை நீளவாக்கில் அறுக்க: 24 பல்லா, 60 பல்லா?

குன்னூர், கோத்தகிரிப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் நிழலுக்கு வளர்க்கும் சில்வர் ஓக்கை டேபிள் சாவில் (மேசை ரம்பத்தில்) நாரோட்டமாக, அதாவது நீளவாக்கில், அறுக்கிறீர்களா? 10 அங்குல பிளேடில் 24 பல்தான் சரி.

24 பல் பிளேடில் பல்லுக்குப் பல் சுமார் 33 மி.மீ. இடைவெளி. 2 அங்குலக் கட்டையில் ஒரு நேரத்தில் இரண்டு மூன்று பல்தான் கடிக்கும். நீளவாக்கில் தூள் நாராகச் சுருண்டு வரும். அது தங்கி வெளியேற இரண்டு பல்லுக்கு நடுவே ஆழமான குழி வேண்டும். 60 பல்லில் இடைவெளி 13 மி.மீ.தான். குழி உடனே அடைத்துவிடும், தூள் மரத்தோடு தேயும், சூடேறும். வெட்டுமுகத்தில் பழுப்பு வளையங்கள் தெரிந்தால் அதுதான் காரணம். கருகுதே என்று மெதுவாகத் தள்ளினால் இன்னும் கருகும்.

பிளைவுட்டுக்கும் குறுக்கு வெட்டுக்கும் 60 பல்தான் அழகு. 24 பல் ஓரத்தைப் பிய்த்துவிடும்.

மழை, மூடுபனிக் காலத்தில் சரியாகக் காயாத பலகை அறுத்த பின் உள்வாங்கி பிளேடைக் கவ்வும். அப்போது எந்தப் பிளேடானாலும் பலகை ஆள்மேல் பாயலாம். பிளேடுக்குப் பின்னால் நின்று வெட்டு மூடாமல் தாங்கும் பிளவுத் தகட்டைத் தயவுசெய்து கழற்றாதீர்கள். அது பிளேடின் உடலைவிடத் தடிமனாகவும் வெட்டுத் தடத்தைவிட மெல்லியதாகவும் இருக்க வேண்டும்.