காசா, பைக்கா? மார்க்கெஸின் கையெழுத்தும் மார்ட்டினின் கையெழுத்தும்

ஐரோப்பாவில் மோட்டோஜிபி என்ற உலக மோட்டார்சைக்கிள் பந்தயத் தொடர் நடக்கும் ஞாயிறுகளில் பின்னேரம் ஐந்தரைக்கு கோண்டாவிலில் சிநேகிதனின் கராச்சில் நாலைந்து பேர் கூடுவோம். ரேஸ் முடிந்ததும் கதை எப்படியும் யார் எந்த அணியில் கையெழுத்து வைக்கப் போகிறார் என்பதில் வந்து நிற்கும். பெரிய கம்பனியின் சம்பளத்தைப் பிடித்துக்கொள்வதா, காசு குறைந்தாலும் வெல்லக்கூடிய பைக்கை எடுப்பதா? நான் பைக் கட்சி.

மார்க் மார்க்கெஸைப் பாருங்கள். ஹொண்டாவில் ஆறு பட்டம் வென்ற மனிதர், 2020 பெப்ரவரியில் 2024 முடியும்வரை ஒப்பந்தத்தை நீட்டினார். அதே வருடம் யூலையில் ஹெரெஸில் விழுந்து வலது கை முறிந்தது, அப்புறம் ஹொண்டா பைக்கும் பின்தங்கிப் போனது. கடைசி வருடத்துப் பெருஞ்சம்பளத்தையும், பல வருடம் கூட நின்ற மெக்கானிக்குகளையும் விட்டுவிட்டு, 2024இல் கிரெசினி என்ற சின்ன அணியில் முந்தைய வருடத்து டுகாட்டி பைக்கில் ஏறினார். மூன்று ரேஸ் வென்றார், வருடப் புள்ளிப் பட்டியலில் மூன்றாம் இடம். எங்கள் ஊரில் குத்தகைக்குக் காணி எடுப்பவர் முதலில் கிணற்றை எட்டிப் பார்த்து, மண்ணைக் கையில் அள்ளிப் பார்த்து, பிறகுதான் காசு பேசுவார். மார்க்கெஸ் செய்ததும் அதுதான்.

ஹோர்ஹே மார்ட்டினின் பாதை வேறு. 2024 நடுவில் டுகாட்டி கம்பனியின் சொந்த அணியான தொழிற்சாலை அணியில் பக்னாயா என்ற ஓட்டுநருக்குப் பக்கத்தில் ஒரே ஒரு இடம், கேட்டு நின்றவர்களில் முக்கியமானவர்கள் இவரும் மார்க்கெஸும். அப்போது டுகாட்டி பைக் ஓட்டிய இன்னொரு அணியான பிரமாக்குக்கு மாறுவது தனக்குச் சரிவராது என்று மார்க்கெஸ் இத்தாலியின் முஜெல்லோ தடத்தில் பத்திரிகையாளர் முன்னாலேயே சொல்லிவிட்டார், பேரம் அந்த இடத்தில் திரும்பியது. சில நாட்களில் மார்ட்டின் அப்ரிலியாவில் கையெழுத்திட்டார், மார்க்கெஸுக்கு டுகாட்டி இரண்டு வருடம் கொடுத்தது. அந்த வருடப் பட்டத்தை வென்றவர் மார்ட்டின்! இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு மனது தாங்காது.

ஆனால் 2025இல் நடந்ததற்கு டுகாட்டியைக் குறை சொல்ல முடியாது. மார்ட்டினுக்கு மலேசியப் பரிசோதனையில் காயம், பிறகு கட்டாரில் பெரிய விழுகை. பைக்கைச் சரியாக ஓட்டிப் பார்க்கவே இல்லை, அதற்குள் ஒப்பந்தத்தில் இருந்த விலகல் விதியைக் காட்டி வருட முடிவில் போகிறேன் என்றார். அப்ரிலியா விடவில்லை, யூலையில் பிர்னோவில் தங்குகிறேன் என்று சொன்னார். இதற்கிடையில் அதே பைக்கில் அவருடைய அணித்தோழர் பெசெக்கி சில்வர்ஸ்டோனில் வென்றிருந்தார். அப்ரிலியாவுக்குப் போனது பிழையில்லை, அவசரப்பட்டு வெளியேறப் பார்த்ததுதான் பிழை. மார்க்கெஸோ ஹொண்டாவுக்குச் சொந்தமான மொட்டேகி தடத்திலேயே டுகாட்டியில் பட்டத்தை எடுத்தார்.

காசுக்குப் போயும் வெல்லலாம் என்று காட்ட, சம்பளக் கட்சிக்காரர் லொரென்சோவை இழுப்பார்கள். யமஹாவில் மூன்று பட்டம் எடுத்துவிட்டு 2017இல் பெரிய தொகைக்கு டுகாட்டி போனவர். பிரேக் பிடிக்கும்போது உடம்பைத் தாங்குகிற மாதிரி பெற்றோல் தாங்கியின் வடிவத்தை மாற்றிக் கொடுக்க ஒன்றரை வருடம் போனது. கொடுத்த கையோடு 2018 முஜெல்லோவில் வென்றார், ஆனால் அதற்குள் பிரிவது முடிவாகிவிட்டது. அவ்வளவு காசு பேசியவர்கள் அந்தத் தாங்கியை முதல் நாளே பேசியிருக்கலாம். 2004இல் யமஹாவுக்கு மாறிய ரொஸி தன் தலைமை மெக்கானிக் ஜெரமி பேர்ஜஸையும் கூட்டிக்கொண்டு போனார், முதல் ரேஸிலேயே வெற்றி.

குவார்ட்டராரோ யமஹாவிலேயே 2026 வரை நின்றது விசுவாசம். அதை மதிக்கிறேன், ஆனால் 2022க்குப் பிறகு 2025 முடியும்வரை அவருக்கு ஞாயிற்றுக்கிழமை முதன்மை ரேஸில் ஒரு வெற்றிகூட இல்லை.

2027இல் எஞ்சின் 850 சிசி ஆகிறது, டயர் பிரெல்லி. யாரும் ரேஸில் ஓட்டிப் பார்க்காத பைக்குக்குக் கையெழுத்து வைக்கும் நிலைமையில் நான் கேட்பது குறுகிய ஒப்பந்தம், தெளிவாக எழுதிய விலகல் விதி, அதில் காயத்தால் தவறிய ரேஸ்களை எப்படிக் கணக்கெடுப்பது என்று ஒரு வரி. மார்ட்டினுக்கும் அப்ரிலியாவுக்கும் தகராறு வந்தது அந்த இடத்தில்தான்.